சுழி சிதைந்தால் சொல் சிதையும்

தமிழ் எழுத்து கணிப்பொறித் திரைக்கு ஏற்றதன்று என்றொரு கூற்று இன்று நம் இல்லங்களில் உலவி வருகிறது. ஆங்கில எழுத்து திரையில் வழவழப்பாக விளங்குகிறது. தமிழ் எழுத்தோ ஓரம் பிசிறியும், சுழி அடைபட்டும், ஒரு கால் தடித்தும் மறு கால் மெலிந்தும் தோன்றுகிறது. ஆதலின் பிள்ளைகள் ஆங்கில எழுத்தைக் கொண்டே தமிழை எழுதிக்கொள்ளட்டும் என்பர் இக்கூற்றினர். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகள் நிறைந்த தங்கவயலில் இக்கூற்று எளிதில் வேர்கொள்ளும். வேர்கொள்ளுமுன் இதனை ஆராய்ந்து மறுப்பது நம் கடமையாகும்.

குறை எழுத்தில் உள்ளதா, எழுத்துருவில் உள்ளதா? இதுவே வினா.

திரை என்பது புள்ளிகள் நிறைந்த ஒரு கட்டம். புள்ளி வைத்துக் கோலமிடும் நம் தாய்மார் புள்ளிகளுக்கு இடையே கோட்டை விருப்பம்போல் வளைத்து இழுப்பர். திரைக்கு அவ்வுரிமை இல்லை. புள்ளிக்கு ஒளியூட்டவும் நிறமூட்டவும் மட்டுமே அதனால் இயலும். பல ஆண்டுகளாகக் கணிப்பொறிகள் ஓர் அங்குலத்திற்கு 96 புள்ளிகள் என்னும் கணக்கிலேயே எழுத்தை அமைத்து வந்தன. அச்சகத்தார் 12 பாயிண்ட் என்று வழங்கும் எழுத்துக்கு அக்கணக்கில் 16 புள்ளி உயரமே கிடைக்கும். அந்த 16-க்குள் ஈகாரத்தின் மேற்சுழியும், ஊகாரத்தின் கீழ்க்கோடும், இடையே எழுத்தின் உடலும் அடங்கவேண்டும். அச்சுப்பொறியோ அங்குலத்திற்கு 600 புள்ளிகளும் அதற்கு மேலும் இடவல்லது. தாளில் அழகாக அமையும் எழுத்து திரையில் கோணுவதன் காரணம் இதுவே.

தொடக்கக் காலத்து எழுத்துருக்கள் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே புள்ளிகளால் வரையப்பட்டவை. அவற்றைப் பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டாய் மாறும். 1984-இல் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்டும், 1991-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ட்ரூடைப்பும் வளைகோட்டு எழுத்துருவைப் பரப்பின. இவற்றில் எழுத்தின் வரம்புகள் கணக்காகச் சேமிக்கப்படுகின்றன. எந்த அளவு வேண்டினும் கணிப்பொறி அவ்வளவுக்கு ஏற்பப் புள்ளிகளை நிரப்பிக்கொள்ளும். ஆயினும் வரம்புக்கோடு ஒரு புள்ளியின் நடுவே செல்லுமாயின் அப்புள்ளியை நிரப்புவதா விடுவதா? இவ்விடத்தில்தான் எழுத்துருக்கள் ஒன்றற்கொன்று வேறுபடுகின்றன.

இதற்கு இரண்டு வழிகள் உள. எழுத்துருவை ஆக்குவோர், இந்தக் கால் ஒரு புள்ளி அகலம் நிற்கவேண்டும், இந்தச் சுழியின் உள்வெளி மூடலாகாது என்றெல்லாம் கட்டளைகளை எழுத்துருவுக்குள்ளேயே பொதிந்து வைப்பது ஒருவழி. பாதி மறைந்த புள்ளிக்குப் பாதிச் சாம்பல் நிறம் தந்து, கண்ணுக்கு ஓரத்தை மழுக்கிக் காட்டுவது மற்றொரு வழி. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998-இல் அறிவித்த கிளியர்டைப் என்னும் முறை இரண்டாம் வழியின் வளர்ச்சி. ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைத் தனித்தனியே ஆண்டு, கிடைநிலையில் நுட்பத்தைக் கூட்டியது அது. தொடக்கத்தில் மேல்கீழாக அம்முறை மழுக்கவில்லை. வளைந்த தலையும் கிடைக்கோடும் மிகுந்த நம் எழுத்துக்கு அதனால் வந்த பயன் குறைவே. மேலும், எந்த அளவில் மழுக்கவேண்டும், எந்த அளவில் கட்டத்தோடு பொருத்தவேண்டும் என்று அறிவிக்கும் ஒரு சிறு பட்டியலும் எழுத்துருவுக்குள் இருக்கலாம். ஒரே கணிப்பொறியில், ஒரே திரையில், ஓர் எழுத்துரு வழவழப்பாகவும் அடுத்தது கரடுமுரடாகவும் தோன்றுவது இத்தகைய வேறுபாடுகளாலேயே.

ஆங்கில எழுத்து பிறவியிலேயே வழவழப்பானதன்று என்பது இதனால் விளங்கும். 1996-இல் வெளிவந்த வெர்டானா எழுத்துருவை எண்ணிப் பாருங்கள். மேத்யூ கார்ட்டர் என்னும் எழுத்துக் கலைஞர் முதலில் திரைப்புள்ளிகளில் எழுத்தை அமைத்து, அதன்பின் வரம்புக்கோட்டை வரைந்தார். டாம் ரிக்னர் அதற்குரிய கட்டளைகளைப் பொதிந்தார். வளம் மிக்க நிறுவனமொன்று பொருள் கொடுத்து இப்பணியைச் செய்வித்தது. நாம் ஆங்கிலத்தின் இயல்பென்று வியப்பது அவர்தம் உழைப்பின் பயனை அன்றோ! ஜப்பானியர் எழுத்தோ நம் எழுத்தினும் பன்மடங்கு கோடுகள் செறிந்தது. அவர்கள் அதனைக் கைவிட்டார்களா? சிற்றளவுகளுக்கென்றே புள்ளி வடிவங்களை வரைந்து எழுத்துருவுக்குள் சேர்த்தார்கள்.

தமிழில் நடந்தது என்ன? ஒருங்குறி வருமுன் நம்மிடையே வழங்கிய எழுத்துருக்களில் பல அச்சிடுவதற்கென ஆக்கப்பட்டவை. ஆங்கில எழுத்தின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை அவை. தாளில் சிறந்தன, திரையில் தளர்ந்தன. அத்தளர்ச்சியைக் கண்டோர் எழுத்துருவைக் குறைகூறாது எழுத்தையே குறைகூறினர். 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அது குறியீட்டைச் சீராக்கிற்று. வடிவத்தைச் சீராக்குவது ஆணையின் வேலையன்று, கலைஞரின் வேலை. அவ்வேலையைச் செய்தோரும் நம்மிடை உளர். ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்ற இணைமதி எழுத்துருவை ஆக்கியவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த எழுத்துரு அது என்பதைத் தங்கவயலார் பெருமிதத்தோடு நினைக்கலாம்.

இஃது அழகைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. மூன்றுசுழி ணகரத்தில் ஒரு சுழி அடைபட்டால் அஃது இரண்டுசுழி னகரமாகத் தோன்றும். பணி பனியாகும், மணம் மனமாகும், ஊண் ஊனாகும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தை தன் கண்ணையே ஐயுறும்; பின்னர் மொழியையே வெறுக்கும். இதற்கு மருந்தாக ஆங்கில எழுத்தை நீட்டுவோர், நோயினும் கொடிய மருந்தை நீட்டுகின்றனர். 2013-இல் எழுத்தாளர் ஜெயமோகன் நாளிதழ் ஒன்றில் இக்கருத்தை முன்வைத்தபோது பெரும் விவாதம் எழுந்தது. இளையோர் தமிழெழுத்தைப் படிக்க இடர்ப்படுகின்றனர் என்னும் அவர்தம் கவலையை நாம் மறுக்கவில்லை; அவர் காட்டிய தீர்வையே மறுக்கிறோம். கெட்ட எழுத்துருவில் ஒரு சுழி சிதையும். நாம் அன்றாடம் எழுதும் ஆங்கில எழுத்திலோ ண, ன, ந மூன்றும் ஒன்றாகி, லகரமும் ளகரமும் ஒன்றாகி, வேறுபாடே ஒழிந்துபோம். திரையை மாற்றினால் முன்னது தீரும். பின்னது எத்திரையிலும் தீராது.

இன்றைய கைப்பேசிகளில் அங்குலத்திற்கு 300 புள்ளிகளுக்கு மேல் அமைவது இயல்பாகிவிட்டதே, இடர் தானே நீங்காதோ என்பர் சிலர். கைப்பேசியில் பெரிதும் நீங்கியது உண்மை. பள்ளியில் உள்ள பழைய கணிப்பொறிக்கும், கூட்ட அரங்கின் ஒளிவீழ்த்திக்கும், ஊர்ப்பொது மின்பலகைக்கும் அது பொருந்தாது. எளியோர் கண்ணுக்கு எட்டுவன இவையே.

அச்சின் வரலாற்றையும் நினைப்போம். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. 1713-இல் செர்மனியின் ஆலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவை; தாளை மிகுதியாக விழுங்கின. அதற்காகத் தமிழெழுத்தை எவரும் கைவிடவில்லை. சிறிய அச்சுகளை வார்த்தனர். பின்னர் நம் மாரிகுப்பத்துச் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்டது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 90 மைலுக்கு மேல் கடந்துவந்த மின்சாரத்தால் சுரங்கத்தை இயக்கிய ஊர் இது. பொறியைக் கண்டு அஞ்சும் மரபு நமக்கில்லை. பொன் கிடைக்கவில்லையென்று பாறையைப் பழித்தவன் சுரங்கத்தில் நின்றதில்லை. உளியைத் தீட்டியவனே நின்றான். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது, அப்பாடம் மூடப்படவில்லை.

ஆதலின் நாம் வலியுறுத்துவன இவை. தமிழ்ச்சங்கங்கள் தம் அறிக்கைகளையும் மலர்களையும் ஒருங்குறி எழுத்தாகவே பரப்பவேண்டும். எழுத்தைப் படமாக்கி அனுப்பினால், பெரிதாக்குந்தோறும் அது மங்குமேயன்றித் தெளியாது. எழுத்துருவைத் தேர்வதற்குமுன், மிக எளிய திரையில் மிகச் சிறிய அளவில் ண, ன, ஊ, ஞ, ஐ ஆகியவற்றை இட்டு ஒரு முதியவரையும் ஒரு சிறுவனையும் படிக்கச் செய்யவேண்டும். அரசுகளும் பல்கலைக்கழகங்களும் எழுத்துருக்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதோடு அமையாது, சிற்றளவுத் திருத்தத்திற்கும் கலைஞர்க்குரிய ஊதியம் வழங்கவேண்டும்.

எழுத்தை மாற்றச் சொல்வோர்க்கு நம் விடை ஒன்றே: எழுத்து நிற்கட்டும், எழுத்துருவைத் திருத்துங்கள்.