மாத்திரையோடு ஒரு சொல்லும் தருக!

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்)

‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகை, அதில் மருந்தைவிட உணவைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார். நோயாளியின் நிலையும் நோயின் அளவும் காலமும் அறிந்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்றும் கூறுகிறார். இன்று இரத்த அழுத்த மாத்திரை நுழையாத தெரு நம் மதுரைப் பக்கத்தில் இல்லை. ஆனால், அம்மாத்திரைக்கும் சோற்றுத் தட்டுக்கும் உள்ள உறவை எடுத்துச் சொல்வார்தாம் இல்லை.

எங்கள் அப்பத்தா மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். பிரஷருக்காக அவருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு என்னும் நீர் மாத்திரை தரப்பட்டிருந்தது. ‘உப்பைக் குறை’ என்று சொன்னதை ‘உப்பே ஆகாது’ என்று அவர் எடுத்துக்கொண்டார். சென்ற ஆண்டு அக்கினி நட்சத்திரத்தில் கண்மாய்க் கரையில் மண் சுமந்தவர், உப்பில்லாக் கஞ்சியும் சொம்பு சொம்பாய்த் தண்ணீருமே குடித்து வந்தார். நான்காம் நாள் கால்கள் இழுத்துக்கொள்ள, மயங்கி விழுந்தார். இரத்தத்தைச் சோதித்தபோது சோடியமும் பொட்டாசியமும் குறைந்திருந்தன.

சிகிச்சைக்குப் பின் இளநீரும் வாழைப்பழமும் சாப்பிடச் சொன்னார்கள். தேறி வந்த அப்பத்தா, “பிரஷருக்கு இளநீர்தான் மருந்து” என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் நாள்தோறும் இளநீர் குடிக்கலானார். அவரோ சிறுநீரகம் தளர்ந்தவர், உட்கொள்வது எனலாப்ரில். அம்மாத்திரை பொட்டாசியத்தை உடலிலேயே தங்கச் செய்வது. அது மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். நல்ல வேளையாக அடுத்த பரிசோதனையில் உண்மை தெரிந்தது, இளநீர் நின்றது. ஒரே இளநீர்! ஒரு வீட்டில் மருந்து. அடுத்த வீட்டில் ஆபத்து.

சோடியமும் பொட்டாசியமும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம் என்று வகுப்பில் படிக்கிறோம். உடலோ அவ்விரண்டையும் வெவ்வேறாகவே நடத்துகிறது. நீர் மாத்திரை சிறுநீரில் சோடியத்தை வெளியேற்றும்போது பொட்டாசியமும் மக்னீசியமும் கூடவே போகின்றன. யூரிக் அமிலம் ஏறும். சிலருக்குச் சர்க்கரையும் சற்றே ஏறும். அட்டெனலால் வேறு வகை. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போர்க்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் வரவேண்டிய படபடப்பை அது மறைத்துவிடும், வியர்வைதான் எச்சரிக்கும். சிலருக்கு எடையும் சிறிது கூடும். அம்லோடிபின் இவ்வுப்புகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. கணுக்கால் வீங்குவதே அதன் பொதுவான தொல்லை. ‘பிரஷர் மாத்திரை’ என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அவை செய்யும் வேலை ஒன்றன்று.

உப்பின் கதையும் இதுவே. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உண்ணச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் சேர்ந்தால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். ‘இந்துப்பு கெடுதல் செய்யாது’ என்பாரும் உளர். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பிலோ பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதுண்டு. பெரியப்பா போன்றோர்க்கு அதுவும் ஆகாது.

இதனால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எவரும் எண்ணற்க! நிறுத்தினால் பக்கவாதம் வாசலில் வந்து நிற்கும். மாத்திரை குற்றவாளியன்று, சொல்லாமல் தருவதே குற்றம்.

2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பாராட்டத்தக்க பணி. அம்மாத்திரையோடு நான்கு வரித் தமிழ்ச் சீட்டு ஒன்றும் வரவேண்டும் என்பதே என் கருத்து. எந்த உணவைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, வெயிலில் வேலை செய்வோர் என்ன செய்வது, எப்போது இரத்தம் சோதிப்பது — இவ்வளவு போதும். படிக்கத் தெரியாதோர்க்குத் தருகிறவரே வாயால் சொல்லட்டும். மருந்துப் பெட்டியிலுள்ள பொடி எழுத்து ஆங்கிலம் எங்கள் அப்பத்தாவுக்கு எதற்கு உதவும்?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்த அட்டையிலிருந்த பெயரை அன்றே படித்து மருத்துவரிடம் கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. அந்த வருத்தமே இக்கட்டுரை. நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். பெயர்களை எழுதிக்கொண்டு அவர்களோடு மருத்துவரிடம் செல்லுங்கள், “இதற்கு எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது?” என்று கேளுங்கள். நாம் கற்கும் வேதியியல் முதலில் நம் வீட்டு அடுப்படிக்குப் பயன்படட்டும்!