வீடு கட்டத் தொடங்கும் சகோதரிக்கு



யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். சோனகதெருவில் வாப்பா விட்டுப்போன சிறு வளவில் வீடு கட்டப் போகிறார்கள். பேசி முடித்த கொந்தராத்துக்காரர் மொத்தத் தொகையில் பாதியை முற்பணமாகக் கேட்கிறார். “பேசியதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள்” என்று கேட்டதற்கு, “எங்களை நம்பவில்லையா தங்கச்சி?” என்று முகம் சுளித்தாராம். மாமியும், “நல்ல மனிசன், மனத்தை நோகடிக்காதே” என்கிறாராம். எழுத்துக் கேட்பது அடுத்தவரைச் சந்தேகிக்கும் பாவமாகிவிடாதா என்பது அவருடைய கேள்வி.

ஆகாது சகோதரி. அல்குர்ஆனில் ஆக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதுமல்ல. சூரத்துல் பகராவின் 282ம் வசனம் அது. தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. எழுதுபவர் நீதமாக எழுதுவது, சாட்சி வைப்பது, தொகை சிறிதென்று எழுதச் சோம்பாமல் இருப்பது எல்லாம் அதில் விபரமாக வருகின்றன. அந்த வசனம் அழைப்பதும் ஈமான் கொண்டவர்களைத்தான். வீட்டு வேலையில் பணம் ஒரு நாளில் போகிறது, வேலை பல மாதம் கழித்து வருகிறது. எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

அரபுக் கல்லூரியில் கிதாபு ஓதும்போது கூலிக்கு வேலை வாங்குவதை ‘இஜாரா’ என்ற பாடத்தில் படிப்போம். என்ன வேலை, என்ன கூலி என்பது இரு தரப்புக்கும் தெளிவாக இருக்கவேண்டும். தெளிவில்லாத பேரத்தில் இருக்கும் இருட்டுக்கு ‘கரர்’ என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் தடுத்த வியாபாரங்களில் அதுவும் ஒன்று. எனவே எழுத்து உங்களை மட்டும் காப்பதல்ல, கொந்தராத்துக்காரரையும் காக்கிறது. இதை அவரிடமே சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்.

ஆனால் அவரிடம் போவதற்கு முன் இன்னோர் எழுத்து இருக்கிறது. வளவு வாப்பாவுடையது என்கிறீர்கள். பங்கு பிரித்தாகிவிட்டதா? 1990 ஒக்டோபர் 30ம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டே மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டபோது எத்தனையோ வீட்டு உறுதிகள் அலுமாரிகளிலேயே நின்றுவிட்டன. புத்தளத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள், பெரியவர்கள் மௌத்தானார்கள். 2009ல் யுத்தம் முடிந்து திரும்பியபோது கூரையும் கதவும் நிலையும் கழற்றப்பட்ட சுவர்கள் நின்றன. பல இடங்களில் சுவரும் இல்லை. அந்த இரண்டு பரப்பு, மூன்று பரப்பு நிலத்துக்கு இன்று நான்கு வாரிசுகள், ஆறு வாரிசுகள். பங்கு பிரிக்காத நிலத்தில் ஒரு சகோதரி கட்டிய வீடு நாளை எல்லோருக்கும் வழக்காகும். காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதியை எடுங்கள். வாரிசுகள் எல்லோரையும் இருத்தி, ஷரீஅத்துப்படி பங்கைப் பிரித்து, நொத்தாரிசிடம் எழுதி முடியுங்கள். “காக்கா ஒன்றும் சொல்லமாட்டார்” என்பது உறுதிப் பத்திரமல்ல. காக்காவின் பிள்ளைகள் சொல்வார்கள்.

இனிக் கொந்தராத்துக்கு வருவோம். இந்திய அரசின் உதவியில் வடக்கிலும் கிழக்கிலும் கட்டிய வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2012 ஒக்டோபரில் தொடங்கிய கட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்கள். அதை மொத்தமாக ஒருவர் கையில் கொடுக்கவில்லை; வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் தவணை தவணையாகப் போட்டார்கள். ஒரு கட்ட வேலை முடிந்ததா என்று வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை வந்தது. 2004 சுனாமியில் முழுதாக இடிந்த வீடுகளுக்குக் கொடுத்த இரண்டரை இலட்சமும் நான்கு தவணையில்தான் வந்தது. அந்தத் திட்டங்களிலும் கடனில் மாட்டியவர்கள் உண்டு. கொடுத்த காசுக்கு அடங்காத பெரிய வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர்கள் அவர்களில் பலர். ஆனாலும் தவணை ஒழுங்கு நல்ல ஒழுங்கு. அரசாங்கங்கள் தங்கள் பணத்துக்கு இவ்வளவு காவல் வைக்கும்போது, கணவர் பாலைவன வெயிலில் நின்று உழைத்த பணத்துக்கு நாம் ஏன் வைப்பதில்லை?

கொந்தராத்துக்காரர் பாதிப் பணம் கேட்பது உங்களை ஏமாற்றத்தான் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்களில் சிறிய கொந்தராத்து எடுப்பவர்களில் அநேகருக்குக் கைமுதல் கிடையாது. அடுத்த தெருவில் பாதியில் நிற்கும் வீட்டுக்கு ஓடு வாங்க உங்கள் முற்பணம் போகும். உங்கள் வீட்டுக்குக் கூரை போட வேறொரு சகோதரியின் முற்பணம் வரவேண்டும். அவர் வராத மாதத்தில் உங்கள் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுவிடும். அவருடைய தொலைபேசியும் நின்றுவிடும். ஆகவே தொடங்குவதற்குப் பத்தில் ஒரு பங்கு போதும். பிறகு அத்திவாரம் முடிந்ததும் ஒரு தொகை, லிண்டல் மட்டத்தில் ஒன்று, கூரையில் ஒன்று, பூச்சும் நிலமும் முடிந்ததும் ஒன்று. நூற்றுக்கு ஐந்தையாவது கடைசிக்குப் பிடித்து வையுங்கள். கணவர் பணத்தை நேரே கொந்தராத்துக்காரரின் கணக்குக்கு அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். வேலையைக் கண்ணால் பார்ப்பவர் கையிலிருந்தே பணம் போகட்டும். பேச்சுக்குத் தம்பியையோ மச்சானையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக் கொப்பி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்று மட்டும் எழுதிய ஒப்பந்தம் ஒப்பந்தமே அல்ல. விறாந்தை அந்தச் சதுர அடியில் சேருமா, சேராதா? படியும் மலசலகூடக் குழியும் தண்ணீர்த் தொட்டியும் யார் கணக்கு? சாமானோடு சேர்ந்த விலையா, கூலி மட்டுமா? சாமானோடு என்றால் எந்தச் சீமெந்து, எத்தனை மில்லிமீற்றர்க் கம்பி, கதவுக்கு எந்த மரம்? நம் குடாநாட்டில் இன்னொன்றும் உண்டு. பல இடங்களில் கொஞ்சம் கிண்டினாலே சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். “பாறை உடைத்தது தனி” என்று ஒரு கணக்கு மூன்றாம் நாளே வரும். முதலிலேயே ஓரிடத்தில் கிண்டிப் பார்த்து, அதற்கும் ஒரு விலை பேசி எழுதுங்கள். படம் வரைந்து மாநகரசபையிலோ பிரதேச சபையிலோ கட்டட அனுமதி எடுத்த பிறகே மண்ணில் கை வையுங்கள். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுப்பது யார் பொறுப்பு என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

சாமான் விலை ஏறினால் யார் தாங்குவது? இதை எழுதாமல் விட்டவர்கள் 2022ல் பட்ட பாட்டை மறக்க முடியாது. 2021ல் ஆயிரம் ரூபாவை ஒட்டி விற்ற 50 கிலோ சீமெந்துப் பை அந்த ஆண்டு இரண்டாயிரத்தையும் தாண்டியது. பழைய விலைக்குக் கட்டு என்று கொந்தராத்துக்காரரை நெருக்குவதும் நீதமல்ல, ஏறியதையெல்லாம் அந்த வீட்டுப் பெண்ணின் தலையில் போடுவதும் நீதமல்ல. சீமெந்தையும் கம்பியையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, வேலையை மட்டும் கூலிக்கு விடுவது உங்கள் நிலைமைக்கு நல்லது என்பேன். அலைச்சல் கூடும்தான். ஆனால் பைக் கணக்கு உங்களுக்குத் தெரியும்.

மணல் விடயத்தில் கொஞ்சம் கணக்குப் படியுங்கள். கஷ்டமில்லை. ஒரு கியூப் என்பது 100 கன அடி. டிப்பர் வந்ததும் கொட்ட விடாமல், பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் நாடாவால் அளந்து பெருக்கி நூறால் பிரியுங்கள். பத்தடி நீளம், ஏழடி அகலம், மூன்றடி உயரமென்றால் 210 கன அடி, அதாவது இரண்டு கியூபுக்குச் சற்று மேல். மூன்று கியூப் என்று பில் நீட்டினால் நாடாவைக் காட்டுங்கள். நடுவில் குவித்து ஓரத்தில் குறைத்திருந்தால் மட்டப்படுத்தி அளவுங்கள். மணல் ஈரமாக இருந்தால் உப்பிக்கொண்டு அதிகமாகத் தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும். அளவு நிறுவையில் மோசடி செய்பவர்களைக் கண்டிக்க ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. அளந்து வாங்குவதை யாரும் கருமித்தனம் என்று சொல்லமுடியாது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாண வீட்டைப் பற்றிப் பேசமுடியாது. கரையோரத்திலும் தீவுப் பகுதியிலும் கிணற்றுத் தண்ணீர் உவர். கடற்கரை மணலிலும் உப்பு. இவற்றால் குழைத்த கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். சில வருடத்தில் லிண்டலும் பிளேற்றும் வெடித்துக் கொட்டும். குடித்து உவர்க்கும் தண்ணீரைக் கொங்கிறீற்றுக்கு விடவேண்டாம். நல்ல தண்ணீரை பவுசரில் வாங்கியாவது போடுங்கள். குழைக்கும்போது வேலை இலேசாகட்டும் என்று தண்ணீரை அள்ளி ஊற்றுவார்கள். அது பலத்தைக் கெடுக்கும். போட்ட பிறகோ தண்ணீர் காட்டமாட்டார்கள்! குறைந்தது ஏழு நாள் கொங்கிறீற் காயாமல் நனைந்திருக்கவேண்டும். அதை மேசனிடம் விடாதீர்கள். சாக்கை விரித்துக் காலையும் மாலையும் நனைப்பதற்கு வீட்டுப் பிள்ளைகள் போதும்.

மலசலகூடக் குழியை எங்கே வெட்டுவது என்பதைக் கொந்தராத்துக்காரரின் வசதிக்கு விட்டுவிடக் கூடாது. நம் நிலத்தடித் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் ஓடுகிறது. மணல் நிலம் வடிகட்டுவதைப் போல அது வடிகட்டாது. குழியில் விட்டது சில அடிக்கு அப்பால் கிணற்றில் வரும். உங்கள் கிணற்றிலிருந்து தூரம் பார்த்தவர்கள் மதிலுக்கு அப்பாலுள்ள பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பார்ப்பதில்லை. அண்டை வீட்டார் தமிழ்ச் சகோதரராயினும் முஸ்லிமாயினும் அவருடைய கிணறும் ஹக்குத்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடியும் பக்கமும் சீமெந்தால் அடைத்த தொட்டியாகக் கட்டுங்கள். செலவு கூடத்தான். மற்ற எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

கொந்தராத்துக்காரர் மேல் மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சுவர் எழும்பிய பிறகு, “இந்த யன்னலைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ”, “குசினியை இரண்டடி கூட்டுங்கோ” என்று நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு இருக்கிறது. அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒரே கணக்காக நீட்டுவார், அங்கேதான் சண்டை. மாற்றம் வேண்டுமென்றால் அதன் விலையை அன்றே கேட்டு, கொப்பியில் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். விலையைக் கேட்டதும் பாதி மாற்றங்கள் தேவையில்லை என்று நமக்கே தோன்றும்! அதேபோல், வேலை முடிந்த கட்டத்துக்கான பணத்தை ஒரு நாளும் இழுத்தடிக்காதீர்கள். கூலியாளின் வியர்வையைப் பற்றி நபிமொழி என்ன சொல்கிறது என்பதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். கொந்தராத்துக்காரர் தம் மேசன்மாருக்கும் கையாட்களுக்கும் கிழமைக் கூலி கொடுத்தாரா என்று சனிக்கிழமைகளில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். கூலி கிடைக்காத மேசன் கட்டும் சுவர் நேராக எழும்பாது.

பிடித்து வைத்த அந்த நூற்றுக்கு ஐந்தை எப்போது கொடுப்பது என்று கேட்பீர்கள். நம் பக்கம் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி. அந்த மழை ஒருமுறை கூரையில் இறங்கட்டும். ஒழுக்கு எங்கே, சுவரில் ஈரம் எங்கே, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். ‘ஒரு மாரி கழிந்ததும், குறைகள் திருத்தியதும்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் மனக்கசப்பு வராது. நிலத்துக்குச் சீமெந்து போட்டு மூடுவதற்கு முன், குழாய்களும் மின்சார வயர்களும் எந்த வழியால் போகின்றன என்று கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். பத்து வருடம் கழித்து அடைப்பு எடுக்க வருபவர் நிலம் முழுவதையும் உடைக்காமல் இருக்க அந்தப் படம் உதவும்.