சோயாவுக்கு மாற்று: யார் செலவில்?

புண்ணாக்கு என்றாலே நமக்கு மாடுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நம் தட்டுக்கு வரும் கறிக்கோழியும் புண்ணாக்கு தின்று வளர்ந்ததுதான். மக்காச்சோளம் அதற்குச் சோறு என்றால், சோயா புண்ணாக்கு பருப்பு. கோழி வளர்க்கும் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது.

2021-ல் சோயா புண்ணாக்கின் விலை முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்யலாம் என்று அந்த ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதிக்க வேண்டி வந்தது. ஒரே பயிரை நம்பினால் இதுதான் கதி.

வேறு புண்ணாக்கே இல்லையா? இருக்கிறது. கடலை, எள், சூரியகாந்தி, பருத்திக்கொட்டை எல்லாம் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. சோயாவில் ஒரு பகுதியைக் குறைத்து இவற்றைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் ஒரு கிலோவை எடுத்துவிட்டு இன்னொரு கிலோவைக் கொட்டினால் வேலை முடிந்துவிடாது. கடலைப் புண்ணாக்கில் புரதம் சோயாவை நெருங்கி வரும், ஆனால் லைசின் கிட்டத்தட்ட பாதிதான். எள்ளில் மெத்தியோனின் நிறைய, லைசின் குறைவு. சூரியகாந்தியில் நார் அதிகம். பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நஞ்சு. கடலையில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்ஸின் உண்டாகும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளடாக்ஸினே அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. இரண்டு மூன்று புண்ணாக்கை அளவாகக் கலக்கலாம், லைசினைத் தனியாகச் சேர்க்கலாம், ஒவ்வொரு லோடையும் சோதிக்கலாம். அறிவியல் பக்கம் எனக்குப் பெரிய கவலை இல்லை. என் கவலை வேறு.

பல்லடம் பக்கம் பெரும்பாலான கறிக்கோழிப் பண்ணைகள் ஒப்பந்த முறையில் நடப்பவை. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. எத்தனை கிலோ தீவனத்துக்கு எத்தனை கிலோ எடை வந்தது என்று பார்த்துத்தான் வளர்ப்புக் கூலி. அப்படியென்றால், புதுக் கலவை சரிவராமல் கோழி எடை போடாவிட்டால் யாருக்குக் கூலி குறையும்? மூட்டைக்குள் என்ன போட வேண்டும் என்று முடிவு செய்தவருக்கு அல்ல, அதை அள்ளிப் போட்டவருக்கு! பரீட்சை எழுதியவர் ஒருவர், ஃபெயில் ஆனவர் இன்னொருவர் என்பது மாதிரி.

நான் கேட்பது மூன்றுதான். கலவை மாறினால் விவசாயிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். அஃப்ளடாக்ஸின் சோதனை முடிவைக் காட்ட வேண்டும். புதுக் கலவை போட்ட பேட்சுக்கு, அந்தப் பண்ணை வழக்கமாக வாங்கும் சராசரிக் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும்.

தீவனச் செலவு குறைந்தால் லாபம் கம்பெனிக்கு. அப்போது சோதனைக்கான நஷ்டமும் அங்கேயே இருப்பதுதானே நியாயம்?