பஸ் வரட்டும், வண்டி நிற்கட்டும்



பெட்ரோல் விலை நூறு ரூபாயைத் தொட்டு வருஷங்கள் ஆகின்றன. நம் வீட்டு வண்டிகளின் ஓட்டம் குறைந்திருக்கிறதா? காலையில் மீன் வாங்க ஒரு தடவை, மறந்துபோன தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு தடவை, மகளை டியூஷனில் விட ஒரு தடவை, திரும்பக் கூட்டிவர ஒரு தடவை.

பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரத்துக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். ஸ்கூட்டரில் போய்வந்தால் நாற்பது ரூபாய்க்கு மேல் ஆகிறது. கையிலிருந்து எண்ணிக் கொடுப்பதென்றால் யோசிப்போம். டேங்கிலிருந்து போவதால் யாருக்கும் வலிப்பதில்லை.

அதற்காக, "வண்டியைக் குறையுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி உபதேசம் செய்ய எனக்கு இஷ்டமில்லை. மலையோரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டோடு தோட்டத்தில் நிற்க வேண்டும். அந்நேரத்துக்கு எந்த பஸ் வரும்? அவருடைய பைக்கை விட்டுவிடுவோம்.

பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருக்கும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளையும் பாருங்கள். பல குடும்பங்கள் படகில் அணையைக் கடந்துதான் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகின்றன. நம் குமரி மாவட்டத்திலேயே குறைவாகப் பெட்ரோல் எரிப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். அது அவர்கள் விரும்பி எடுத்த முடிவு அல்ல. அவர்களிடம் போய்ச் சுற்றுச்சூழல் வகுப்பு நடத்த நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

குறைக்க வேண்டியது நம் மற்ற வீடுகளில்தான். பேங்க், ரேஷன், மருந்துக்கடை, சந்தை எல்லாவற்றையும் வாரத்தில் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் என்ன? காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு தொங்கட்டும். தீர்ந்துபோன சாமான்களைப் பார்த்தவர் எழுதிவைக்கட்டும். பாதி அலைச்சல் அந்தச் சீட்டிலேயே நின்றுவிடும்.

அந்த ஒரு நாளும் பஸ்ஸில் பெண்கள் போனால் செலவும் இல்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று 2021 மே மாதம் வந்த திட்டத்தால், ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர் வாங்கும் காசு! ஆனால் "ஓசி பஸ்" என்று ஒரு இளக்காரம் இன்னும் சிலர் வாயில் வருகிறது. வரி கட்டுகிற நாம் நம் பஸ்ஸில் ஏறுகிறோம், இதில் என்ன ஓசி?

காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீடு என்றால் ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு கார் புறப்படுகிறது. 2018-இல் அங்கே மேம்பாலம் திறந்தபோது நெரிசல் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இப்போது பாலத்துக்குக் கீழே போய்ப் பாருங்கள். பாலம் கட்டக் கட்ட கார் வாங்கிக்கொண்டே இருந்தால் எந்தப் பாலம் தாங்கும்?

இன்னொரு கணக்கும் உண்டு. நாம் வீட்டிலேயே இருந்தாலும் நம் சாப்பாடு ஊர்வலம் வருகிறது. ஒரு காலத்தில் மலையோர வீடுகளின் புரையிடத்தில் மரச்சீனி, சேனை, காச்சில், சக்கை, நல்லமிளகுக் கொடி எல்லாம் இருந்தன. ரப்பர் வந்தபிறகு வாசல் வரை ரப்பர். பேச்சிப்பாறையிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்க, வெண்டைக்காய் வெளியூரிலிருந்து லாரி ஏறி வருகிறது. ரப்பரை வெட்டச் சொல்லவில்லை, விலை கிடைக்கிறபோது அதுதான் சோறு போடுகிறது. கிணற்றடியில் நாலு மூடு மரச்சீனிக்கும் ஒரு முருங்கைக்கும் இடமில்லாமலா போய்விட்டது?

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்பீர்கள். மாநிலம் முழுக்க பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1 அன்று. நம் மாவட்டம் அதற்குப் பல வருஷம் முன்பே அதைச் செய்து பார்த்தது. அன்று நாமெல்லாம் திடீரென்று உத்தமர்களாகிவிடவில்லை. கடைக்காரர் பை தர மாட்டேன் என்றார், நாம் வீட்டிலிருந்து பை கொண்டுபோனோம். பிறகு கண்டிப்பு தளர்ந்தது, பையும் திரும்பி வந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

வண்டி விஷயமும் அப்படித்தான். சொன்ன நேரத்துக்கு பஸ் வராத ஊரில் ஒரு அம்மாவிடம் ஸ்கூட்டரை விடு என்று சொன்னால் அவர் சிரிப்பார். டியூஷன் முடிந்து மழையில் நிற்கும் பிள்ளையை நினைத்தால் யாருக்குத்தான் கொள்கை நிற்கும்? நாம் செய்ய வேண்டியது பாதி. மீதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே இந்த மாதம் எங்களுக்கு ஒரு கார்டு எழுதுங்கள். உங்கள் ஊருக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு, நின்றுபோன பஸ் எது, எந்த நேரத்தில் ஒரு பஸ் கிடைத்தால் உங்கள் வீட்டு வண்டி நிற்கும்? வருவதையெல்லாம் தொகுத்துப் போக்குவரத்துக் கழக அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பொறுப்பு. ஊர்ப்பெயரையும் பஸ் நம்பரையும் மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்