பண்ணைக்காடு காத்திருந்த ஐந்தாண்டு

“வாக்குப் போட்டு என்ன கண்டோம்?” என்று கேட்கிறார், காப்பித் தோட்டத்திலே கூலி வேலை பார்க்கும் தோழர். கேட்கட்டும்! கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்த இயக்கம் நம்முடையது. அந்தக் கேள்வி நம்மை நோக்கித் திரும்பும்போது முகத்தைத் திருப்பிக் கொள்வது முறையாகாது.

ஜனநாயகத்திலே குறையே இல்லை என்று கூற நாம் வரவில்லை. குறை உண்டு, கூடை கூடையாக உண்டு! வாக்கை விலை பேசும் பணமூட்டை உண்டு. வென்ற மறுநாள் வீதியை மறக்கும் வீரர்கள் உண்டு. ஊரிலே நாங்கள்தான் அதிகம் என்ற ஆணவத்திலே, எளியவன் குரல்வளையை நெரிக்கும் கொடுமையும் உண்டு. பழனி மலையை விட்டு வத்தலக்குண்டு வழியாக இறங்கி, உசிலம்பட்டிப் பக்கம் போனால் தெரியும் அந்தக் கதை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் — இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் ஆதிதிராவிடர்க்கு என ஒதுக்கப்பட்டது. 1996 முதல் பத்து ஆண்டுகள், அந்த நாற்காலியிலே அவர்கள் அமர முடியவில்லை. மனுப் போடவே அஞ்சினர் பலர். ஒப்புக்கு ஒருவரை நிறுத்தி, வென்றதும் விலகச் சொன்ன விந்தையும் நடந்தது!

ஜனநாயகம் தோற்றது என்றுதானே அன்று பேசினார்கள்? ஆனால் 2006 அக்டோபரில், கழக ஆட்சியிலே, அதே நான்கு ஊர்களில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் அமர்ந்தார்கள். தேர்தலிலே புகுந்த நோய்க்குத் தேர்தலே மருந்தாயிற்று. 1975-ல் நெருக்கடி நிலை வந்தது. 1976 சனவரி 31-ல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. மக்களவைத் தேர்தலைத் தள்ளிப் போட்டு, அவையின் ஆயுளை நீட்டிக் கொண்டார்கள். 1977 மார்ச்சில் தேர்தல் வந்ததும் என்ன ஆயிற்று? தில்லியை ஆண்ட கட்சி வீழ்ந்தது. ரேபரேலியிலே பிரதமரே தோற்றார். வாளில்லை, வேலில்லை; வாக்குச் சீட்டு மட்டுமே!

ஆகவே தோழர்களே, வாக்கிலே உள்ள குறைக்கு மருந்து உண்டு, அடுத்த வாக்கு. வாக்கே இல்லை என்றால்?

இந்தக் கேள்விக்கு விடையைப் பண்ணைக்காட்டிலே காணலாம். கொடைக்கானல் வட்டத்திலே, காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் மலைச்சரிவிலே உள்ள பேரூராட்சி அது. 2011 அக்டோபரில் அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2016 அக்டோபரில் மன்றத்தின் ஆயுள் முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போது? 2022 பிப்ரவரி 19! ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரவேண்டிய நாள், பத்தாண்டு கடந்து வந்தது. 2011-ல் எட்டு வயதுச் சிறுவனாகத் திரிந்தவன், 2022-ல் வாக்காளனாக வரிசையிலே நின்றான். இடையிலே ஐந்தாண்டுக்கு மேல், மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட அந்த மன்றத்திலே இல்லை. தனி அலுவலர் ஆட்சி!

தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் அத்தனைக்கும் நேர்ந்த கதிதான் இது. ஆனால் மலையூருக்கு வலி அதிகம். தெருவிளக்கு அணைந்தால், குழாயிலே தண்ணீர் வராவிட்டால், மண் சரிந்து பாதை மூடினால் யாரைக் கேட்பது? மன்ற உறுப்பினர் இருந்தால் தேநீர்க் கடையிலே மடக்கிக் கேட்கலாம். “அடுத்த தேர்தலிலே பார்த்துக் கொள்கிறோம்” என்று சொல்லலாம். அந்த ஒரு சொல்லிலே இருக்கிறது ஏழையின் அதிகாரம். அலுவலர் நல்லவராக இருக்கலாம், நாணயமானவராகவும் இருக்கலாம். ஆனால் அவரை அனுப்பியது மேலிடம்; அவர் அஞ்சுவதும் மேலிடத்துக்கே. அவரிடம் மனுதான் கொடுக்க முடியும். மனுவின் நீதியை எதிர்த்து எழுந்த இயக்கம், மக்களை மனுவோடு நிற்க வைக்கலாமா?

பெண்களுக்கு இழைத்த தீங்கு இன்னும் பெரிது. உள்ளாட்சியிலே பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று 2016-லேயே சட்டம் வந்தது. சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை! கைக்கு எட்டியது வாய்க்கு எட்ட, பேரூராட்சிப் பெண்கள் 2022 வரை காத்திருந்தனர்.

காரணம் என்ன சொன்னார்கள்? 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. வழக்குத் தொடுத்தது கழகமே, மறைக்கத் தேவையில்லை. பழங்குடியினருக்குரிய இட ஒதுக்கீடு முறையாக இல்லை என்பது வழக்கு. பளியர்கள் வாழும் இந்த மலையிலே நின்று, அந்த வழக்கைத் தவறென்று யார் கூறுவார்? ஒதுக்கீட்டைத் திருத்து, டிசம்பர் 31-க்குள் தேர்தலை நடத்து என்றது நீதிமன்றம். அன்றைய அ.தி.மு.க. அரசு என்ன செய்தது? திங்களைத் தள்ளியது, ஆண்டைத் தள்ளியது, வார்டு வரையறை என்றது. காயத்துக்குக் கட்டுப் போடச் சொன்னால், காலையே கட்டிப் போட்டார்கள்!

எதிரியைச் சாடுவது எளிது. நம் கண்ணாடியையும் நாம் பார்க்க வேண்டும். பண்ணைக்காட்டுக்குப் பக்கத்திலே தாண்டிக்குடி. அது கிராம ஊராட்சி. 2019 டிசம்பரில், திண்டுக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளிலே தேர்தல் நடந்தது. தாண்டிக்குடி வாக்களித்தது; பண்ணைக்காடு வேடிக்கை பார்த்தது. 2025 சனவரி 5-ல் அந்த ஊராட்சிகளின் ஆயுள் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். இம்முறை வேடிக்கை பார்த்தது தாண்டிக்குடி! அப்போது கோட்டையிலே இருந்தது யார்? நம் கழக ஆட்சி. எல்லை வரையறை, மறுசீரமைப்பு என்று காரணங்கள் கூறப்பட்டன. பழைய காரணங்களல்லவா இவை? மன்றத்தின் ஆயுள் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலே 1993 முதல் எழுதியிருக்கிறது. மாற்றான் மீறினால் அநீதி, நாம் மீறினால் நிர்வாகம் என்று பேசினால், ஊர் சிரிக்காதா?

“அதிகாரி ஆட்சியிலே சண்டை இல்லை, வேலை நடக்கிறது” என்பாரும் உண்டு. அவர்களுக்கு உத்திரமேரூரைக் காட்டுவோம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதற் பராந்தக சோழன் காலத்திலே, குடவோலை முறையைக் கல்லிலே வெட்டினார்கள். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும் மீண்டும் வரக்கூடாது என்றது அந்தக் கல். அருமை! ஆனால் அந்தக் குடத்திலே யார் பெயர் விழுந்தது? சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவன் பெயர். உழுத நம் பாட்டன் பெயர் அதில் இல்லை. நாற்று நட்ட பாட்டி பெயர் இல்லவே இல்லை. 1920-ல் நீதிக்கட்சி வென்ற தேர்தலிலே கூடச் சொத்துள்ளவர்க்கே வாக்கு. 1952-லேதான் கூலிக்காரன் கைக்கு அது முழுமையாக வந்தது. ஆயிரம் ஆண்டு கழித்து வந்த பொருளை, ஐந்தாண்டுக்கு ஒரு முறை அடகு வைப்பதா?

கழகத் தோழர்களே! ஆட்சி நம்முடையதாயினும் பிறருடையதாயினும், உங்கள் ஊர் மன்றத்தின் ஆயுள் முடியும் நாளைக் குறித்து வையுங்கள். அதற்கு ஆறு திங்கள் முன்பே, வார்டு வரைந்தாயிற்றா, வாக்காளர் பட்டியல் வந்ததா, இட ஒதுக்கீடு முடிந்ததா என்று கேளுங்கள். நம்மவர் கோட்டையிலே இருந்தால் இன்னும் உரக்கக் கேளுங்கள். அது கட்சிக்குச் செய்யும் துரோகமல்ல. கட்சியைக் காக்கும் காவல்.

“வாக்குப் போட்டு என்ன கண்டோம்?” என்ற தோழருக்கு நம் விடை இதுதான்: வாக்குப் போட்டும் கிடைக்காதது பல. வாக்கே போடாதிருந்த ஐந்தாண்டிலே, ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கவும் ஆளில்லை. பண்ணைக்காட்டைக் கேளுங்கள், அது சொல்லும்!