சத்தம் போடத்தான் போனோம்

பொங்கல் லீவில் தரங்கம்பாடிக் கடலைப் பார்த்துவிட்டு வந்தோம். போனது பதினெட்டுப் பேர். எல்லாரும் திருப்பூரில் எங்கள் லைன் வீட்டுச் சனங்கள். பனியன் கம்பெனிகளில் டெய்லர், கைமடி, செக்கிங், பேக்கிங் என்று பாடுபடுகிறவர்கள். சனிக்கிழமைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எட்டு மாதம் பிடித்து வைத்து ஒரு வேன் பேசினோம். போனோம், குளித்தோம், வந்தோம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வந்த பிறகு இரண்டு பேர் பேசிய பேச்சுதான் எழுத வைக்கிறது.

ஒருவர் தோழர். எங்களோடு வாயிற்கூட்டங்களில் நின்றவர். “போனஸ் பிரச்சனையே இன்னும் முடியல, நீங்க பீச்சுக்கு டூர் போயிட்டு வர்றீங்களா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்புக்குள்ளே இருந்தது சிரிப்பு இல்லை.

இன்னொருவர் நண்பர். கவிதை எழுதுகிறவர். காரெடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்வருகிறவர். தரங்கம்பாடியைப் பற்றி எனக்குச் சொன்னதே அவர்தான். “ஆளே இருக்காதுங்க. அப்படியொரு அமைதி” என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நாங்கள் வேன் வைத்துப் போன கதையைக் கேட்டதும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. “இப்படிக் கூட்டங்கூட்டமாப் போய்த்தான் ஒவ்வொரு எடமாக் கெட்டுப்போகுது.”

ஒருவருக்கு நாங்கள் ஓய்வெடுத்ததே தப்பு. இன்னொருவருக்கு ஓய்வெடுத்த இடம் தப்பு. இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தோழருக்கு. ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது வெள்ளைக்காரன் கோயிலுக்குப் போவதற்காக விட்டது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு 1890இல் வாரம் ஒருநாள் விடுமுறையைப் போராடி வாங்கியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்துக்காரர். சாதியை எதிர்த்த கைதான் ஞாயிற்றுக்கிழமையையும் பிடுங்கிக் கொடுத்தது. அதற்கப்புறம் பாபாசாகேப். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் அவர்தான் தொழிலாளர் துறை உறுப்பினர். அந்தக் காலத்தில் 1945இல் வந்த சட்டத் திருத்தம் ஆலைத் தொழிலாளிக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளத்தோடு விடுமுறை தந்தது. வாரத்துக்கு 54 மணி என்றிருந்த வேலை நேரத்தை 48 ஆக்கியது 1946ஆம் ஆண்டுத் திருத்தம். அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிற தோழர்கள், அவர் வாங்கிக் கொடுத்த விடுமுறையை எடுத்தவனைப் பார்த்து முகம் சுளிப்பது என்ன நியாயம்?

திருப்பூரில் அந்தச் சட்டம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று பேர். யாரும் ஒரு ஷிப்டோடு வீட்டுக்குப் போவதில்லை. ‘ஒன்றரை’ பார்த்தால்தான் அடுப்பெரியும். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை. ஷிப்மெண்ட் நெருங்கினால் விடியவிடிய. பீஸ் ரேட்டுக்காரனுக்கு லீவு என்றால் சம்பளமில்லாத நாள், அவ்வளவுதான். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். நல்லது. ஆனால் சட்டமே இல்லாமல் இங்கே பன்னிரண்டு மணி நேரம் நடந்துகொண்டுதானே இருக்கிறது! தென்மாவட்டத்திலிருந்தும் டெல்டாவிலிருந்தும் நம் பெண்பிள்ளைகளை ‘சுமங்கலித் திட்டம்’ என்று பேர் வைத்து நூல்மில்லுக்குக் கூட்டிவந்து, ஆஸ்டலில் அடைத்து, கேட்டைத் தாண்ட விடாமல் மூன்று வருசம் வேலை வாங்கிய ஊர்கள் இந்தப் பக்கம்தானே இருக்கின்றன? கேட்டைத் தாண்டுவதே இங்கே ஒரு கோரிக்கை, தோழர். பதினெட்டுப் பேர் சேர்ந்து மூன்று நாள் கேட்டைத் தாண்டினோம். போராட்டத்தை விட்டுவிட்டுப் போனதாக நாங்கள் நினைக்கவில்லை.

இனி கவிஞருக்கு. அவருக்குக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

திருவாரூர் தாண்டிக் கீழ்வெண்மணியில் இறங்கினோம். 1968 டிசம்பர் 25 அன்று ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரின் நினைவிடத்தில் நின்றோம். கூலியாகக் கூட அரைப்படி நெல் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். நாகப்பட்டினம் செசன்சு கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அங்கேயும் நல்ல அமைதிதான். வயல் அமைதி. அங்கிருந்து நாகப்பட்டினம், காரைக்கால் வழியாகத் தரங்கம்பாடி.

ராத்திரி தங்க ரூம் கேட்டோம். முதலில் போன இடத்தில் ஆதார் கார்டைப் பார்த்தார்கள். அப்புறம் எங்களைப் பார்த்தார்கள். “திருப்பூர்ல எந்தப் பக்கம்? அங்க என்ன ஆளுங்க?” ஆதார் கார்டில் இல்லாத விவரம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. சொன்னோம். ரூம் இல்லை என்றார்கள். வேறிடத்தில் கிடைத்தது.

விடிந்ததும் கடற்கரை. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, பழைய தெருக்கள், தேவாலயம். பார்க்க வருகிறவர்களுக்கு டேனிஷ்காரன் கதை கிடைக்கும். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கியது, தமிழில் அச்சடித்தது எல்லாம் சொல்வார்கள். ராஜநாயக்கனைப் பற்றி யார் சொல்வார்கள்? பறையர் குலத்தில் பிறந்து இந்த மிஷனுக்கு உபதேசியாராக உழைத்தவர். 1733இல் ஆரோன் என்ற வேளாளர் குருவானார். அடுத்து ராஜநாயக்கன் பேர் வந்தபோது, அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறித்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று சொல்லி வேறொருவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். கடல் தாண்டி வந்த சாமிக்கும் இந்தக் கரையில் சாதி தெரிந்திருந்தது.

வேனைவிட்டு இறங்கியதும் எங்கள் சனங்கள் ஓடினார்கள். எங்கள் சின்னம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கடலைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முப்பது வருசமாகப் பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து அனுப்பிய பனியனெல்லாம் தூத்துக்குடியில் கப்பலேறி எத்தனையோ தேசத்துக்குப் போயிருக்கிறது. ‘ஷிப்மெண்ட்’ என்ற வார்த்தைக்குப் பயந்தே அவள் காலம் போனது. கப்பல் ஓடுகிற கடலை அவள் பார்த்ததில்லை. சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள். “ஏங் கண்ணு, இத்தனை தண்ணியிலயும் துளி சாயமில்லையே!” என்றாள். நொய்யல் கரையில் பிறந்தவளுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன கலர் ஓடுகிறதோ அதுதான் ஆற்றின் கலர் என்று பார்த்து வளர்ந்தவள். பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனதைப் பார்த்தவள். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டபோது, வேலை போய் ஊருக்குத் திரும்பிய சனத்தையும் பார்த்தவள். அந்த நொய்யல் காவிரியில் விழுகிறது. காவிரி, தரங்கம்பாடிக்கு வடக்கே பூம்புகாரில் இந்தக் கடலில் விழுகிறது. எங்களுக்கு முன்பே எங்கள் ஊர்த் தண்ணீர் இங்கே வந்துவிட்டது.

நாங்கள் சத்தம் போட்டோம். நன்றாகவே போட்டோம். எங்கள் சனத்துக்கு மெதுவாகப் பேச வராது. ஓவர்லாக் மெஷினும் பிளாட்லாக் மெஷினும் நூறு சேர்ந்து ஓடுகிற ஹாலில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறவன், பக்கத்தில் இருப்பவளிடம் கத்தரிக்கோல் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்தத் தொண்டை வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. கேமராவோடு நின்ற ஒருவர் வந்து, “கொஞ்சம் அமைதியா இருங்களேன், இங்க எல்லாரும் அமைதிக்காகத்தான் வர்றாங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த ‘எல்லாரும்’ என்பதில் நாங்கள் இல்லை.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதற்கு உரிப்பொருள் இரங்கல் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம் ஒதுக்கி வைத்திருப்பதையும் அங்கேதான் படித்தேன். ஏவிய வேலையைச் செய்கிறவனுக்குக் காதலிக்க நேரமேது, கடற்கரையில் நின்று ஏங்க நேரமேது என்று உரைகாரர்களின் பாணியில் விளக்கம் சொன்னார்கள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கோபப்படவுமில்லை. ஏங்குவதற்குக்கூட ஆள் வைத்து வேலை வாங்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. கவிஞரின் ‘ஆளில்லாத கடற்கரை’ அந்தப் பழைய ஒதுக்கலின் தொடர்ச்சிதான். ஆளில்லை என்றால் அவருக்குத் தொந்தரவு தருகிற ஆள் இல்லை என்று அர்த்தம்.

எங்களோடு வந்த மாமா ஒருவர் மட்டும் தண்ணீரில் இறங்கவில்லை. எங்கள் பக்கத்து நகராட்சி ஒன்றில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்தில் வேனைவிட்டே இறங்காமல் உட்கார்ந்திருந்தார். தரங்கம்பாடியில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். கிட்டப்போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்துப் பேசினார்:

“மாப்ள, அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கடலு ஒண்ணுந் தெரியாத மாதிரிக் கெடந்துச்சு. லாரில ஏத்தி உட்டாங்க, எங்க போறோம்னே சொல்லல. நாகப்பட்டினத்துல எறக்குனாங்க. ஆறு நாளு. மொத நாளு கையுறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூக்குல துண்டக் கட்டிக்கிட்டுத் தூக்குனோம். ஒரு கொழந்த, கால்ல கொலுசு போட்டிருந்துச்சு. தொடறதுக்குப் பயமா இருந்துச்சு. பொணத்துக்குப் பயமில்ல. கொலுசக் காணோம்னு நாளைக்கு யாராச்சும் சொல்லீட்டா? ஆபீசரக் கூப்பிட்டுக் காட்டீட்டுத்தான் தூக்குனேன். எங்களுக்குச் சோறு தனியா ஒரு ஓரத்துல வெச்சாங்க. அதையுஞ் சொல்லணுமா?”

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது எனக்குப் பதினாலு வயது. மாமா ஊரிலிருந்து வந்து பல நாள் கறி தின்னாமல் இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அந்தப் பிணங்களை எடுக்கத் தமிழ்நாட்டின் பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளிகளை லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் அருந்ததியர். நம் சனம். முகாம்களில் தலித்துகளைத் தனியே வைத்ததையும், குடிதண்ணீரில்கூடச் சாதி பார்த்ததையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே அறிக்கையாக எழுதின. படகு போனவனுக்குக் கணக்கு இருந்தது. படகில் கூலிக்குப் போனவனுக்கும், மீன் சுமந்து விற்றவளுக்கும், உப்பளத்தில் நின்றவனுக்கும் போனது என்ன என்று எழுதக் கணக்கில் கட்டம் இல்லை. மீனவ மக்களோடு நமக்குப் பகையில்லை, அவர்கள் இழப்புக்கு ஈடே கிடையாது. அந்த இழப்பைக் கைகளால் அள்ளி எடுத்தவன் எங்கே என்று கேட்கிறோம். நான் பார்த்த நினைவுப் பலகை எதிலும் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

கவிஞர் கண்ணை மூடி அனுபவித்த அமைதி தானாக வந்ததல்ல. ஆறு நாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மாமாவைப் போன்றவர்கள் சுத்தம் செய்து கொடுத்த கரை அது. சுத்தம் செய்தவன் பேசாமல் போய்விட வேண்டும், அவன் மகள் வந்து குளிக்கும்போது சத்தம் போடக்கூடாது. அமைதி என்று நீங்கள் சொல்வதற்கு இதுதானே விலை? இந்த விலைக்கு நாங்கள் விற்பதாக இல்லை.

இதைப் படிக்கிற தோழர்களிடமும் மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 2004 டிசம்பரில் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் கன்னியாகுமரிக்கும் பிணமெடுக்கப் போனவர்கள் உங்கள் ஊர்க் காலனியிலும் இருக்கலாம். பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். குடித்தே செத்துப்போனவர்களும் உண்டு. எதை மறக்கக் குடித்தார்கள் என்று நாம் கேட்டதில்லை. போய் உட்காருங்கள். அவசரப்படாதீர்கள், மாமாவுக்கு வாய் திறக்க இருபது வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பேர், ஊர், எத்தனை நாள், என்ன கொடுத்தார்கள், என்ன கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் அவர்கள் பேச்சிலேயே எழுதி வாங்குங்கள். கவிஞர்கள் நெய்தலைப் பாடட்டும். இதை நாம்தான் எழுத வேண்டும்.

திரும்பி வரும்போது வேனில் சின்னம்மா கேட்டாள், “அடுத்த பொங்கலுக்கும் போலாமா கண்ணு?” எட்டு மாதத்துக்கு மறுபடியும் சனிக்கிழமைப் பிடித்தம் ஆரம்பித்தாயிற்று. இந்தத் தடவை பஸ் பேசலாம் என்று இருக்கிறோம். ஆள் சேர்ந்துவிட்டது.