தங்கம் விமானம் ஏறிய கதை! பழி யார் தலையில்?

சேர்வராயன் மலையில், ஏற்காட்டுப் பக்கம், கரடியூர் என்று ஒரு சிற்றூர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வர 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். அரிசி, உப்பு, உர மூட்டை எல்லாம் அந்த வழியேதான் லாரியில் வருகின்றன. காப்பியும் மிளகும் அதே வழியே இறங்குகின்றன.

இந்த மலைக்காரருக்கும், டில்லியில் நடக்கும் கட்சிச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. அது உர மூட்டையின் விலையில் இருக்கிறது!

ஒரு வீட்டில் பணமுடை. குடும்பத் தலைவர் கடன் கேட்கப் போகிறார். "முதலில் உன் வரவு செலவுக் கணக்கைக் காட்டு" என்கிறார் கடன் கொடுப்பவர். வீட்டிலோ அண்ணன் தம்பி தகராறு. கணக்கை எழுதவே விடவில்லை. பிறகு என்ன ஆகும்? பெண்களின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். 1991-ம் ஆண்டில் இந்தியாவுக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான்.

குவைத்தில் தொடங்கியது

1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தது. எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாட்டிலிருந்து நம்மவர் அனுப்பிய பணம் குறைந்தது. ஏற்கெனவே 1980-களில் சர்க்கார் கடன் வாங்கிச் செலவு செய்து பழகியிருந்தது. அன்னியச் செலாவணி கரைந்தது.

அந்தச் சமயம் பிரதம மந்திரியாக இருந்தவர் சந்திரசேகர். அவருடைய கட்சிக்கு லோக்சபையில் 60 சொச்சம் மெம்பர்கள். 200-க்குச் சற்றுக் குறைவான மெம்பர்களை வைத்திருந்த காங்கிரஸ், மந்திரி சபையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. குதிரையில் ஒருவர் உட்கார்ந்தார். கடிவாளம் இன்னொருவர் கையில்!

1991 ஜனவரியில் சர்வதேச நிதி நிறுவனம் சுமார் 180 கோடி டாலர் கடன் கொடுத்தது. மேலும் கடன் வேண்டுமானால், செலவைக் குறைத்து ஒழுங்கான பட்ஜெட் போட்டாக வேண்டும். நிதி மந்திரி யஷ்வந்த் சின்கா அதற்குத் தயார். காங்கிரஸ் சம்மதிக்கவில்லை. மார்ச் 4-ந் தேதி இடைக்கால பட்ஜெட்தான் வந்தது.

அடுத்த இரண்டு நாளில் அந்த மந்திரி சபையும் போயிற்று. காரணம் பணம் அல்ல, போலீஸ்! ராஜீவ் காந்தியின் வீட்டு வாசலில் அரியானா போலீசார் இருவர் உளவு பார்த்ததாகக் காங்கிரஸ் குற்றம் சாட்டியது. சபையைப் புறக்கணித்தது. மார்ச் 6-ந் தேதி சந்திரசேகர் ராஜினாமா செய்தார். இரண்டு போலீஸ்காரருக்காக ஒரு நாட்டின் பட்ஜெட் நின்றுபோனது என்றால், வெளிநாட்டுக் கடன்காரன் சிரிக்க மாட்டானா?

மே மாதம், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த தங்கத்தில் 20 டன், திருப்பி வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுடன் சுவிட்சர்லாந்து வங்கிக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கம் சுமார் 47 டன், இங்கிலாந்து, ஜப்பான் வங்கிகளிடம் கடன் வாங்குவதற்காக விமானம் ஏறியது. பவுன் கணக்கில் பார்த்தால் முதலில் போனது 25 லட்சம் பவுன். அடுத்தது 58 லட்சம் பவுனுக்கு மேல்!

யார் குற்றவாளி?

பழி போடுவதற்கு மட்டும் பஞ்சமே இல்லை. "காங்கிரஸ் பட்ஜெட்டைத் தடுத்தது" என்றார்கள் ஒரு சாரார். "முந்தைய இரண்டு சர்க்கார்களும் கஜானாவைக் காலி செய்தன" என்றது காங்கிரஸ். முதல் தடவை தங்கத்தை அனுப்பியது சந்திரசேகர் சர்க்கார். இரண்டாவது தடவை, அதைவிடப் பெரிய அளவில் அனுப்பியது நரசிம்மராவின் காங்கிரஸ் சர்க்கார். சந்திரசேகருக்குப் பொருளாதார ஆலோசகராக இருந்த மன்மோகன் சிங்தான், நரசிம்மராவுக்கு நிதி மந்திரி!

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கூத்து நடந்தது. 2008 செப்டம்பரில் பெரிய பாங்குகள் ஆட்டம் கண்டன. அவற்றைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலர் கேட்டார், குடியரசுக் கட்சி ஜனாதிபதி புஷ். செப்டம்பர் 29-ந் தேதி பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு. ஆதரவு 205. எதிர்ப்பு 228. மசோதா தோற்றது! புஷ்ஷின் சொந்தக் கட்சியில் 133 பேர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர் 65 பேர்தான். எதிர்க் கட்சியான ஜனநாயகக் கட்சியிலும் 95 பேர் எதிர்த்தார்கள். சபாநாயகர் பெலோசி அம்மையாரின் காரசாரமான பேச்சுதான் எங்கள் ஆட்களைக் கெடுத்தது என்றார்கள் குடியரசுக் கட்சித் தலைவர்கள். மனம் புண்பட்டால் நாட்டையே கைவிடுவதா என்று பதிலுக்குக் கேலி செய்தார்கள் மற்றவர்கள். அன்றைக்கே பங்குச் சந்தைக் குறியீடு 777 புள்ளி சரிந்தது. அக்டோபர் 3-ந் தேதி, சில மாறுதல்களோடு, அதே சபை 263-க்கு 171 என்று நிறைவேற்றியது.

அங்கே யார் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று ஊருக்குத் தெரியும். தொகுதிக்குப் போனால் பதில் சொல்ல வேண்டும். டில்லியில் 1991 மார்ச்சில் முழு பட்ஜெட் சபைக்கே வரவில்லை. அதை எதிர்த்து ஓட்டுப் போட்டவர் என்று ஒரு பெயர்கூடக் குறிப்பில் இல்லை. பொறுப்பு இல்லாத அதிகாரம் என்பது இதுதான். காங்கிரஸ் அன்று செய்தது தவறு.

அதே காங்கிரஸ் மெம்பர்கள் சில மாதம் கழித்து வேறு விதமாக நடந்தார்கள். 1991 ஜூலை 24-ந் தேதி பட்ஜெட்டில் மன்மோகன் சிங் உர விலையை 40 சதவிகிதம் உயர்த்தினார். சொந்தக் கட்சிக்காரர்களே கொதித்தெழுந்தார்கள். கட்சி ஒற்றுமை போச்சு என்று சிலர் பதறினார்கள். பதறத் தேவையில்லை. கிராமத்தான் படும் பாட்டைச் சொல்லத்தானே மெம்பர்? ஆகஸ்டில் உயர்வு 30 சதவிகிதமாகக் குறைந்தது. சிறு, குறு விவசாயிகளுக்குப் பழைய விலை என்றார்கள். சர்க்காரும் கவிழவில்லை, பட்ஜெட்டும் நிறைவேறியது. அந்த வருஷம் முடிவதற்குள் 47 டன் தங்கத்தின் மேல் வாங்கிய கடனும் அடைந்தது.

கரடியூர்க் காப்பிக்காரருக்கு அந்தச் சலுகை நெடுநாள் நிலைக்கவில்லை. 1992 ஆகஸ்டில் பொட்டாஷ், பாஸ்பேட் உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. விலை எகிறியது. காப்பிச் செடிக்குப் பொட்டாஷ் வேண்டும். பொட்டாஷ் நம் நாட்டில் கிடைப்பதில்லை. கப்பலில் வருகிறது, டாலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.